பூட்டு மாட்டாத மில்லு

சிரிப்புக் கதை ஒண்ணு சொல்றேன், குணாளண்ணே. சிரிப்பு கடைசிலதான் வரும், அதுவரைக்கும் அந்த அரைக்கிற மில்லு ட்ரம்முக்குள்ளயே உக்காந்து கேளுங்க. ஏணியா? நாந்தான் எடுத்தேன். சபார்லா, கொஞ்சம் பொறுங்க!

மொதல்ல குரல் காட்டுறேன். கேண்டீன் செல்வநாயகி அக்கா: டேய், தட்டக் கழுவி வெச்சிட்டுப் போடா! எப்படி? அடுத்து மேனேஜர் பரஞ்சோதி சார்: குணாளன், மில்லுக்குள்ள ஸ்பேனர் விழுந்துருச்சு, நீங்களே எறங்கி எடுங்க.

ஆங், உங்கள உள்ள எறக்குன அதே குரல்தான். படிக்கட்டுலருந்து கத்துனது நான்.

கத்தாதீங்கண்ணே. சூப்பர்வைசர் நீங்க, உங்களுக்குத் தெரியாத ரூலா? உள்ள எறங்குறவன், வேற யாரும் மில்ல ஓட்டிடாம தன் பூட்ட மெயின் சுவிட்சுல மாட்டி, சாவியப் பாக்கெட்டுல வெச்சிக்கணும். பாக்கெட்டத் தொட்டுப் பாருங்க. இல்லல்ல? ரெண்டு நிமிஷ வேலைக்குப் பூட்டு எதுக்குடான்னு கேக்குற ஆளாச்சே.

சுத்தி இருக்கே ரெண்டு டன்னு பீங்கான் உருண்டை, கல்லு மாதிரி ஆக்சைடையே மூஞ்சிக்குப் பூசுற பவுடர விட நைஸா அரைக்குது. உங்க எலும்பு எம்மாத்திரம்?

எங்கண்ணன் அழகேசன் உள்ள கைய விட்டிருந்தப்ப ட்ரம்மு ஒரே ஒரு சுத்துதான் சுத்துச்சு. கை தோளோட போச்சு. எலும்பு நொறுங்குற சத்தமும் எனக்கு வரும், பண்ணிக் காட்டவா? வெள்ளப் பவுடரு ரோஸ் கலருல வந்துச்சு. அத வழிச்சிக் கொட்டிட்டு சாயங்காலமே அடுத்த லோடு ஓட்டுனீங்க. விசாரணைல உங்க குரல் இப்படித்தானே? சார், அவனே பூட்ட மறந்துட்டான் சார், திமிரு புடிச்சவன் சார்.

அண்ணன் பாடாங் செராய் வீட்டுல ஒத்தக் கையால சட்டை பட்டன் போடப் பழகுறான்.

என் ஒரு கை இங்க மில்ல ஓட்டுற பச்சை பட்டன் மேல இருக்கு. இன்னொரு கைல என்னான்னு அப்புறம் சொல்றேன். அண்ணன் மறந்தானா? என்ன? கேக்கல, சத்தமா! பூட்டு வேணாம்னது நீங்க. சரி. பாக்காம பட்டன அமுக்குனது? அதுவும் நீங்களா! பேரோட சொல்லுங்க, இன்னும் சத்தமாலா!

ஐய, அழாதீங்க. மெயின் சுவிட்ச எப்பவோ ஆஃப் பண்ணி அடைச்சிட்டேன். அதுல என் பூட்டு தொங்குது, சாவி என் கழுத்துல. இன்னொரு கையா? ஏணிகிட்ட வெச்சிட்டு எறங்குனீங்களே, உங்க வாக்கி டாக்கி. அதுல பேசுற பட்டன இவ்ளோ நேரம் அமுக்கிப் புடிச்சிருந்தேன், இப்பதான் விடுறேன்.

ஏன் என்ன முறைக்கிறீங்க? குணாளன், எல்லாம் கேட்டுச்சு, அங்கயே இருன்னு இப்ப வாக்கி டாக்கில பரஞ்சோதி சார் குரல் வந்துச்சே, அது நான் இல்லண்ணே.

நான் வாயவே தொறக்கல.