அடிக்கிற தூரமும் நடக்கிற தூரமும்

மேடையில் இருக்கிற மன்றத் தலைவர் தில்லைநாதன் ஐயா அவர்களே, தேவசகாயம் ஐயாவின் மகள் சிந்துஜா அம்மா அவர்களே, குடிகாட்டிலிருந்து வேன் பிடித்துச் சிதம்பரம் வந்திருக்கிற என் மக்களே, எல்லாருக்கும் இந்தப் பச்சமுத்துவின் வணக்கம்!

நான் தாமதமாக வந்ததற்குப் பேருந்தைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து மண்டபத்தில் நுழைந்துவிட்டேன். அங்கே வளைகாப்பு. கையைப் பிடித்து உட்கார வைத்து இலை போட்டார்கள். இரங்கல் கூட்டத்தில் எதற்கு இத்தனை வகைச் சாதம் என்று எனக்கும் தோன்றியது. புளிசாதம் முடிந்த பிறகுதான் தோன்றியது. ஐயா இருந்திருந்தால், "பச்சமுத்து, உன்ன நம்பி சாவக்கூட முடியாதுய்யா" என்று சொல்லியிருப்பார்.

இருந்திருந்தால்! இந்தச் சொல் என் வாயில் நிற்கவே மாட்டேன் என்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில், மைதானத்துப் புல்லை மொட்டை அடித்துவிட்டேன் என்று என்னைத் திட்டினார். டீ ஆறுவதற்குள் ஆள் இல்லை என்கிறார்கள். திட்டிக்கொண்டிருந்த மனிதர் எப்படிச் சாவார்? பாதி டீயை வைத்துவிட்டு எப்படிச் சாவார்? யாராவது சொல்லுங்களேன்!

எங்கள் கெடிலம் கோல்ஃப் மன்றத்தின் செயலாளர், குட்டைப் பந்தின் தந்தை, தேவசகாயம் ஐயா! கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்னப் பந்தை மட்டையால் அடித்துத் தூரத்துக் குழியில் போட வேண்டும். எங்கள் மைதானம் கைக்குட்டை மாதிரி. கடைக்கு வருகிற ஒவ்வொரு புதுப் பந்தும் முந்தினதைவிட ஜாஸ்தி பறக்கும். வேலியைத் தாண்டும். வேலிக்கு அந்தப் பக்கம்தான் குடிகாட்டுப் பெண்கள் தொழிற்பேட்டைக்கு நடந்து போகிற பாதை.

ஒருநாள் அப்படிப் போன சவரியம்மாள் நசுங்கிய தூக்குவாளியோடு மன்றத்துக்குள் வந்து நின்றார். "சாம்பார்ல கெடக்குதே, இது எந்த மவராசன் போட்ட காய்?" என்றார். அது தலையில் விழுந்திருந்தால்?

அன்று கூட்டம் போட்டார்கள். தில்லைநாதன் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்தான் சொன்னார்: "பாதைய மூடிடலாம் சார், நம்ம எடந்தானே."

தேவசகாயம் ஐயா எழுந்தார். "அவுங்க நடக்குற தூரத்தக் கூட்டுறதா, நீங்க அடிக்கிற தூரத்தக் குறைக்கிறதா? சொல்லுங்க!"

அவரே குறைந்த தூரம் பறக்கிற பந்தைத் தேடிப் பிடித்து வரவழைத்தார். அதற்குத்தான் குட்டைப் பந்து என்று பெயர். ஆட்டமே மாறிவிட்டது! ஒரே அடியில் குழி ஓரம் போனவர்களுக்கு இரண்டு அடி தேவைப்பட்டது. எங்கே போடுவது, எந்த மட்டையால் போடுவது என்று யோசிக்க வேண்டிவந்தது. பலசாலிகள் தோற்றார்கள். மூட்டுவலிக்காரர் உத்திராபதி கோப்பை வாங்கினார். வெளிநாட்டுப் பெரிய சங்கங்களே பந்தின் தூரத்தைக் குறைக்கப்போகின்றனவாம். எங்கள் ஐயா முந்திக்கொண்டார்!

வருகிற ஞாயிறு, பழைய பந்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஓட்டு. கொண்டுவந்தால் பாதை மூடப்படும். மூடினால் இந்தப் பெண்கள் லாரி ஓடுகிற ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். போன தடவை ஒரே ஓட்டில் தப்பித்தோம். அது ஐயாவின் ஓட்டு. அந்த ஓட்டையும் சேர்த்துத்தானே அய்யோ, புதைத்துவிட்டு வந்திருக்கிறோம்!

புல் வெட்டுகிற எனக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருக்கிறவர்களே, கையைத் தூக்குங்கள்! ஐயா மூடவிடாமல் காத்த பாதையை நாம் மூட மாட்டோம். மூட விடமாட்டோம்! இது அவர் மேல் ஆணை!

உட்காருவதற்கு முன்னால் ஒரு தகவல். பழைய பந்து பாதையில் விழாது என்று காட்டுவதற்காக, நேற்று சாயங்காலம் தில்லைநாதன் ஐயா எங்கள் எல்லார் முன்னிலையிலும் ஒன்று அடித்தார். அவர் சொன்னது சரி. பந்து பாதையில் விழவில்லை. பாதைக்கு அந்தப் பக்கம் நிழலில் நின்ற அவருடைய காரில் விழுந்தது. முன் கண்ணாடி சென்னையிலிருந்து வர வேண்டுமாம். இன்று அவர் எங்கள் ஊர் வேனில்தான் வந்தார். சவரியம்மாள் பக்கத்து சீட்டு.