மழைக்கு முன் எடுத்த தட்டுகள்

எலுமிச்சை வேண்டும் என்கிறவர்கள் நேராக எலுமிச்சங்கன்றைக் கொண்டுவந்து நட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அது நிற்காது. ஆடியில் மேற்கே இருந்து வரும் காற்று கன்றை ஆட்டி ஆட்டியே கொன்றுவிடும். மேற்கு ஓரத்தில் ஒரு வேம்பை வைத்து, அது கூரையைத் தாண்டும்வரை வேறு எதையும் வைக்காமல் பொறுத்திருக்க வேண்டும். யாரும் பொறுப்பதில்லை. நான் பொறுத்தேன்.

நீங்கள் தோட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை, தெரியும் இன்ஸ்பெக்டர் சார். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

எம். புதுப்பட்டியில் என் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. கரிசல். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு நைட் ஷிப்ட். மெஷினில் காலண்டர் தாள் ஓடிக்கொண்டிருக்கும், நான் மனதுக்குள் கன்று வைத்துக்கொண்டிருப்பேன். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க ஒரு வருடம். கண்மாய் வண்டல் அடித்து மண்ணைப் பழக்க ஒரு வருடம். வேம்பு வளர்ந்த பிறகு அதன் மறைவில் எலுமிச்சை, கிழக்கே கொய்யா, குளிக்கிற தண்ணீர் போகும் வழியில் வாழை. ஐம்பது வயதில் அதற்குள் கட்டில் போட்டுப் படுக்கலாம் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. அந்த நினைப்புத்தான் இருந்தது.

பக்கத்து வீடு சோலைமலை அண்ணாச்சியுடையது. அவர், மனைவி மூக்கம்மாள், மகள் கற்பகவல்லி. பேன்சி வெடிக்குள் வைக்கும் மருந்து உருண்டைகளை மணி மருந்து என்போம். அதை அவர் லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலேயே உருட்டி, தட்டுகளில் பரப்பி, வாசலில் காயவைத்துக் கொடுப்பார். தெருவில் பலரும் செய்கிற வேலைதான். அவர் வாசல் என் வேம்புக்கு மேற்கே. காலை வெயிலில் மரத்தின் நிழல் அவர் தட்டுகள் மேல் விழும்.

மரம் நன்றாக வந்துவிட்டது. எலுமிச்சையும் கொய்யாவும் வைத்து, இரண்டும் பிடித்துக்கொண்டன. அடுத்த பங்குனியில் ஒருநாள், வேலை முடிந்து வந்து படுத்தவன் மத்தியானம் கண் விழித்தேன். அறையில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. எழுந்து பின்கதவைத் திறந்தேன். வேம்பு துண்டுகளாகக் கிடந்தது. சோலைமலை அதன் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஏலே ராஜு, நெழலு விழுந்து சரக்கு காய மாட்டேங்குது. உன்ட்ட கேக்கலாம்னு பாத்தா நீ பொணங்கணக்கா தூங்குற. ராத்திரி பூரா முளிச்சுட்டு வந்த பயல எதுக்கு எழுப்பிக்கிட்டுன்னு நாங்களே வேலைய முடிச்சுட்டோம்." சிரித்தார். "வெறகுல பாதி உனக்கு. எடுத்துக்க."

"எலுமிச்ச பட்டுப்போகும் அண்ணாச்சி."

"எலுமிச்சங்கா சந்தையில கிடக்குலே. அதுக்கா இம்புட்டு மூஞ்சியத் தூக்குற?"

சித்திரை வெயிலில் கொய்யா போனது. ஆடிக் காற்றில் எலுமிச்சை சாய்ந்தது. தெருவில் எனக்குத் தோட்டத்து மொதலாளி என்று சோலைமலை பெயர் வைத்தார். கடைக்குப் போனால், "மொதலாளி, காய் என்ன வெல?" என்று கேட்பார்கள். மரம் போன அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. அப்புறமும் போகவில்லை. நான் தூங்கப் போய்த்தானே மரம் போனது.

நான் ஒரு போன் போட்டிருந்தால் அவரைப் பிடித்திருப்பீர்கள். அபராதம் கட்டிவிட்டு வந்து மறுபடியும் காயப்போட்டிருப்பார். வேம்பு அப்படித் திரும்பி வராது. அதனால் போன் போடவில்லை. வெட்டுக்கத்தியை எடுக்கவும் இல்லை. அவர் என்னைக் கொல்லவில்லையே. என்னை உயிரோடு வைத்து, நான் வளர்த்ததை எடுத்தார். நானும் அதற்கு மேல் ஒன்றும் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மழையை முதலில் பார்த்தவர் சத்தம் கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும், ஆள் இல்லாத வீடானாலும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர்கள் தட்டை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். தட்டு நனைந்துவிட்டால் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெளியே குழியில் கொட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். ஈரம் பட்ட மருந்து தானாகவே சூடாகும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே எடுத்துவைத்தவர் நனையவில்லை என்று சொன்னால், மறுபேச்சுக் கிடையாது. அந்த வார்த்தையில்தான் தெரு பிழைக்கிறது.

மறு வருடம் முழுக்க மழைக்கு முதல் குரல் என்னுடையதுதான். வானத்தைப் பார்ப்பது தோட்டம் போடுகிறவனுக்குப் பழக்கம். சோலைமலையின் தட்டுகளை எத்தனையோ தடவை நனையாமல் எடுத்துக் கொடுத்தேன். ஒருமுறை நனைந்துவிட்டது. அதைக் குழியில் கொட்டினேன். நஷ்டம் என்றாலும் அவர் என் தோளில் தட்டி, "தோட்டத்து மொதலாளிக்கு மேகம் பேசுது" என்றார். மூக்கம்மாள் மதினி தனியாக வந்து, "அவுக மரத்த வெட்டுனது தப்புதான் தம்பி. மனசுல வச்சுக்கிறாதீக" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மகள் மேலும் இல்லை. எலுமிச்சை மேல் சோலைமலைக்கு என்ன வருத்தம் இருந்தது?

ஐப்பசி சீசனில் அச்சங்குளத்தில் ஒரு வளைகாப்பு. மூவரும் போயிருந்தார்கள். ஆர்டர் நெருக்கடியில் தட்டுகள் வாசலிலேயே காய்ந்தன. தெருவில் மற்றவர்கள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் மேகம் கூடியது. நான் குரல் கொடுக்கவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து தூறலைப் பார்த்தேன். வண்டல் நனைகிற வாசனை நன்றாக இருந்தது. தூறல் விட்டதும் போய், தட்டுகளைத் துடைத்து, அவர்கள் கொட்டகைக்குள் அடுக்கி, சாக்கைப் போட்டு மூடினேன்.

திரும்பி வந்ததும் மதினி பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, தட்டு நனைஞ்சிருச்சா?"

"இல்ல மதினி. மழைக்கு முந்தியே எடுத்துட்டேன்."

"நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

காலையில் சோலைமலையை டீ குடிக்கக் கூப்பிட்டேன். அவரை வெளியே கொண்டுவருவதற்குத்தான் கூப்பிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் மகளைப் பார்த்து, "வல்லி, தட்ட வெளிய எடுத்து வையி, இந்தா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் கிளாசை நீட்டும்போது சத்தம் கேட்டது. சோலைமலை ஓடினார். நான் இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனேன்.

தான் மருந்து கலந்ததில் பிழை என்றே அவர் நம்பினார். நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். ஜாமீனில் வந்தவருக்கு வீடு இல்லை. சொந்தக்காரர்கள் சேர்க்கவில்லை. நான் சேர்த்துக்கொண்டேன். தினமும் அவரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பார். பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோட்டத்தை விட்ட இடத்தில் தொடங்கினேன். பழைய இடத்திலேயே ஒரு வேப்பங்கன்று வைத்தேன். அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவருக்குக் கொடுத்தேன். அதில் ஒரு நியாயம் இருந்தது.

போன வாரம் என்னைக் கூப்பிட்டார். "ஏலே ராஜு, இங்கன வா. எம்மவ துளுத்துட்டாலே." கன்றில் சிவப்பாக ஒரு கொழுந்து. அதற்கு அவர் வல்லி என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அதைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். அன்றைக்குச் சோறு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். "நீ இல்லன்னா நான் என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன்" என்றார்.

மறுநாள் காலையில் உங்களிடம் வந்துவிட்டேன்.

மூக்கம்மாளையும் கற்பகவல்லியையும் கொன்றது நான்தான். மனசாட்சி உறுத்தி, தானாக வந்து சொன்னான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உண்மையும். சோலைமலை மேல் எனக்கு இப்போது கோபம் எதுவும் இல்லை. இதை அவருக்கு வாசித்துக் காட்டும்போது என்னையும் எதிரில் உட்கார வையுங்கள். தட்டு நனைந்திருந்தது என்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள்.