ரிப்பேருக்கு வந்த வாத்தியார்

மிப்ரான்: இந்தப் பொட்டிக்குள்ள சந்தனம் எப்பிடி வந்திச்சு, அக்கா?

கலாராணி: சரஸ்வதி பூசைக்கு வச்சது தம்பி. எங்க வாச்சர் மாடசாமி அண்ணன் பொட்டு வைக்காத சாமானே பள்ளிக்கூடத்துல கெடையாது. தண்ணி டேங்குக்கும் வச்சிருக்காரு.

மிப்ரான்: மேல வெச்சா பரவால்ல. காத்துப் போற ஓட்டைலயும் அப்பி ஈக்கு.

கலாராணி: ஓ… அப்ப அதுனாலதான் கெட்டுச்சு. நெனச்சேன். அந்த மனுசன்…

மிப்ரான்: பொறுங்க. இன்னம் கழட்டவே இல்ல. அதுக்குள்ள ஆள் புடிக்கிறீங்க.

கலாராணி: சும்மா கேட்டேன். கொஸ்லந்தயிலருந்து மொத பஸ்ஸுல வந்தேன் தம்பி. அரிசிப் பேக்குல சுத்தி மடியிலயே வச்சிருந்தேன். பக்கத்துல இருந்தவரு, பலகாரமான்னு கேட்டாரு. இல்லீங்க, எங்க வாத்தியாருன்னேன். எந்திரிச்சு முன்னுக்குப் போயிட்டாரு.

மிப்ரான்: வாத்தியாரா?

கலாராணி: பின்ன? கணக்கு, விஞ்ஞானம், வரலாறு, புவியியல்… நாலுக்கும் இதான் வாத்தியாரு. செவுத்துல மாட்டுன பெரிய ஸ்மார்ட் போட் ஒண்ணு இருக்கு. இது அதோட வயித்துல இருக்குற பொட்டி.

மிப்ரான்: வெளங்குது. நீங்க அங்க டீச்சரா?

கலாராணி: என்னயப் பாத்தா அப்பிடியா தெரியுது? புள்ளைகளுக்குக் காலச் சாப்பாடு ஆக்குறவ நானு. கலாராணின்னு கேட்டா எங்க தோட்ட டிவிஷன்ல நாய்கூட வால ஆட்டும்.

மிப்ரான்: ஸ்கூல் அதிபர் வரல்லயா?

கலாராணி: அவருக்கு மீட்டிங்கு. மாசத்துல இருவது நாளு மீட்டிங்கு, மிச்ச நாளு அதுக்குப் போன களப்பு. நானாத்தான் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்.

மிப்ரான்: நீங்களாவா?

கலாராணி: எம்மக நிலுக்ஷி ஓ-லெவல் பரீட்ச எழுதுது தம்பி. இன்னும் பத்தொம்பது நாளுதான். எங்க லயத்து வீடுகள்ல கணக்குப் பாஸாகப் போற மொதப் புள்ள அதுதான்னு சேரே சொல்லியிருக்காரு. பாடமெல்லாம் இதுக்குள்ளதான் இருந்துச்சு. இப்ப தொறந்தா ஒண்ணுமில்ல. நீங்கதான் எப்பிடியாச்சும் எடுத்துத் தரணும்.

மிப்ரான்: பாப்பம். ஆரு செஞ்ச பாடம்?

கலாராணி: எங்க அஜந்தன் சேரு.

மிப்ரான்: அஜந்தன்… சேரா?

கலாராணி: தெரியுமா அவர?

மிப்ரான்: இல்ல… பேரு கேட்ட மாதிரி ஈக்கு. நீங்க மிச்சத்தச் செல்லுங்க.

கலாராணி: தொண்டர் ஆசிரியரா இருந்தாரு. அதான், வேல வாத்தியாரு வேல, ஆனா நியமனம் இல்ல. நாலு வருசம் அப்பிடியே ஓட்டுனாரு. இந்த போட் வந்தப்ப அதுல பாடம் எதுவும் இல்ல. திறப்பு விழாவுக்கு வந்த பெரியவரு பேனாவத் தலகீழாப் புடிச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்தாரு. பெறகு யாரும் அந்தப் பக்கம் வரல. அஜந்தன் சேருதான் தன்னோட போன்லயே பாடத்த எடுத்து எடுத்து இதுல போட்டாரு.

மிப்ரான்: போன்லயா? முழுக்கவா?

கலாராணி: ஒரு வருசம் தம்பி. கணக்குக்கு எங்க மலையில ஏறிச் சரிவு எத்தன பாகைன்னு போன வச்சு அளந்தாரு. ரெங்கம்மா கொழுந்துக் கூடையோட நிக்கிறா, அவ நெழல அளந்தே மரத்தோட ஒசரத்தக் கண்டுபுடிக்கிறாரு. அன்னையிலருந்து ரெங்கம்மாவுக்குத் தல கால் புரியல. காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக் களத்துலயே பவுடர் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறா, இன்னொரு பாடத்துக்குக் கூப்புடுவாருன்னு.

மிப்ரான்: ஹ்ம்… கூப்புட்டாரா?

கலாராணி: இல்ல, என்னயல்ல கூப்புட்டாரு. விஞ்ஞானத்துக்கு. அடுப்புல சோத்துச் சட்டி, அதுல ஒரு இரும்புக் கரண்டி, ஒரு மரக் கரண்டி. எது சுடும், எது சுடாது, ஏன்… அதுல வாற கை என்னோட கை. மொத தடவ எடுக்கக்குள்ள வெறகு பொகஞ்சு நா ஒரு கெட்ட வார்த்த பேசிப்புட்டேன். சேரு சிரிச்சுக்கிட்டே போன எங்கிட்டக் குடுத்து, அக்கா, நீங்களே அழிங்கன்னு குப்பக் கூட படத்தக் காட்டுனாரு.

மிப்ரான்: சரி… புவியியலுக்கு?

கலாராணி: அதுக்கு மீரியபெத்த.

மிப்ரான்: மண்சரிவா?

கலாராணி: ஆமா. வானத்துலருந்து எடுத்த படம் ரெண்டு. வெரல இந்தப் பக்கம் தள்ளுனா லயம் இருக்கும். அந்தப் பக்கம் தள்ளுனா இருக்காது. மண்ணு மட்டுந்தான். அங்கருந்து வந்த புள்ளைக ரெண்டு மூணு எங்க பள்ளிக்கூடத்துல இருக்கு. அதுல ஒண்ணு திரும்பத் திரும்ப இந்தப் பக்கமே தள்ளிக்கிட்டு நின்னுச்சாம். சேரு தடுக்கலயாம்.

மிப்ரான்: உள்ளுக்குப் பாக்கிறன் அக்கா. இவ்வளவு செஞ்ச மனுசன் இப்ப எங்க?

கலாராணி: அதானே கூத்து. பாடம் நல்லா ஓடுதுன்னு அதிபரு கல்வி ஆபீஸுக்கு, அதான் வலயக் கந்தோருக்கு, பெருமையா எழுதிப்புட்டாரு. போட்டோவெல்லாம் வச்சு. ஒரு மாசத்துல பதில் வந்துச்சு. நாலு பாடத்துக்கும் எண்ணிமக் கற்பித்தல், அதான் இந்தப் பொட்டிப் பாடம், நடக்குறதால ஒங்க பள்ளிக்கூடத்துல ஆசிரியர் வெற்றிடம் இல்லன்னு.

மிப்ரான்: இல்லயா?

கலாராணி: இல்ல. வெற்றிடமே இல்லாத எடத்துல தொண்டர் எதுக்குன்னு அவரயும் நிப்பாட்டச் சொல்லிட்டாங்க. பொட்டிக்குப் பிரசவ லீவு வேணாம், இடமாத்தம் கேக்காது. அவரு கொரல வச்சே அவர வெளிய தள்ளிட்டாங்க தம்பி. கடிதாசிய அதிபரு வாசிக்கிறப்ப நா அடுப்படியில இருந்தேன். நடுவுல ஒரு தகரந்தான். ஒட்டுக்கேக்கல, காதுல விழுந்துச்சு.

மிப்ரான்: நம்புறன்.

கலாராணி: சேரு மேசைய மட்டும் தொடச்சு வச்சிட்டுப் போனாரு. மறுநாள் வகுப்புல அவரு கொரலு வழக்கம்போல, புள்ளைகளா, போன பாடத்துல எங்க விட்டோம்னு கேக்குது. புள்ளைக வாசலப் பாக்குதுக.

மிப்ரான்: அக்கா… நான் ஒண்ணு செல்லட்டா?

கலாராணி: கெடச்சிருச்சா?

மிப்ரான்: இல்ல. இது பழுதாகல்ல. மின்னல் அடிக்கல்ல, தண்ணி படல்ல. சந்தனமும் ஒண்ணும் செய்யல்ல.

கலாராணி: அப்பறம்?

மிப்ரான்: ஆரோ அழிச்சு ஈக்காங்க. ஒவ்வொண்ணா. கணக்கு, மறுகா வரலாறு, புவியியல்… கடைசியா விஞ்ஞானம். ஒவ்வொரு தரமும் இது கேக்கும், நிச்சயமா அழிக்கவான்னு. ஆமான்னு அமுக்கினாத்தான் போகும்.

கலாராணி: கொரங்கு வந்திருக்கும். எங்க பள்ளிக்கூடத்துல ஜன்னலு…

மிப்ரான்: கொரங்கு பாடவாரியா அழிக்காது.

கலாராணி: அப்ப மாடசாமி அண்ணன். தூசி தட்டுறேன்னு…

மிப்ரான்: அக்கா.

கலாராணி: யாரோ ஒரு புத்திகெட்டது செஞ்சிருக்கும், விடுங்க. பொட்டி வெறுமையானாப் பாடம் நடக்காது, பாடம் நடக்கலன்னா வெற்றிடம் வரும், வெற்றிடம் வந்தா அஜந்தன் சேரத் திரும்பக் கூப்புடுவாங்கன்னு… அப்பிடி ஒரு கணக்குப் போட்டிருக்கும்.

மிப்ரான்: கூப்புட்டாங்களா?

கலாராணி: எங்க? திங்கக்கெழம காலையில ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதும் அதிபரு சேருக்குத்தான் மொதல்ல அடிச்சாரு. போன் ஓஃப். அவங்க அம்மாகிட்டக் கேட்டா, மகன் நேத்துத்தான் மாலதீவுக்குப் பிளேன் ஏறிடுச்சுங்கன்னாங்களாம். ஓட்டல்ல வேலையாம். யாருகிட்டயும் மூச்சு விடல மனுசன். எனக்கே தெரியல, பாத்துக்கங்க.

மிப்ரான்: கந்தோர்ல?

கலாராணி: மறுபடியும் கடிதாசி. வெற்றிடம் இல்ல, உபகரணந்தான் பழுது, திருத்திக்கங்கன்னு. அதாவது வாத்தியாருக்குச் சொகமில்ல, லீவுல இருக்காரு. அதுனால வேற ஆள் வராது. பொட்டி இருந்தாலும் ஆளில்ல, செத்தாலும் ஆளில்ல. நிலுக்ஷி கொப்பிய மட்டும் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. அம்மா, அந்த நெழல் கணக்கு எப்பிடின்னு எங்கிட்ட வந்து கேக்குது. எனக்கு என்னா தெரியும்? நா கரண்டி தம்பி. அழிச்சத எடுக்கலாமாமே. ஹல்துமுல்லை கடையில சொன்னாங்க. பண்டாரவளைக்குப் போங்க, மிப்ரான் தம்பி எடுத்துருவாருன்னு.

மிப்ரான்: சும்மா வெச்சு ஈந்தா எடுக்கலாம். இதுல அழிச்சதுக்கு மேல வேற ஏத்தி ஈக்கு. பெரிய வீடியோ ஒண்ணு. நாலு மணித்தியாலம்.

கலாராணி: அது… திறப்பு விழா. போட் காலியா இருக்குன்னு யாராச்சும் பாத்துட்டா அசிங்கம்னு அதிபரு அந்தத் திங்கக்கெழமையே ஏத்துனாரு.

மிப்ரான்: அதுதான் ஈக்கு. முழுக்க மால போடுறாங்க. பாடத்துக்கு மேலதான் மால விழுந்து ஈக்கு. இனி எடுக்க ஏலா.

கலாராணி: ஒண்ணுகூடவா?

மிப்ரான்: ஒண்ணுகூட.

கலாராணி: அந்தக் கரண்டிப் பாடம்…

மிப்ரான்: ஏலா அக்கா.

கலாராணி: சரி, அப்ப போன். சேரோட போன்ல அசல் இருக்குமில்ல? போறதுக்கு முந்தி அத டவுன்ல எங்கயோ வித்துட்டாருன்னு அவங்க அம்மா சொன்னாங்க. திரை ஓரத்துல உடஞ்ச, நீல உறை போட்ட போன். இந்த ரோட்டுல ஒவ்வொரு கடையா ஏறி எறங்கிட்டுத்தான் தம்பி வாறேன். நீங்கதான் கடைசி.

மிப்ரான்: தேத்தண்ணி ஒண்ணு குடிக்கிறீங்களா?

கலாராணி: தேத்தண்ணியப் பொறகு பாப்போம். பேரக் கேட்டதுலருந்தே ஒங்க மொகம் சரியில்ல. நாலு வீட்டு நல்லது கெட்டத மொகத்தப் பாத்தே சொல்றவ நானு. சொல்லுங்க. இங்க வந்தாரா, இல்லயா?

மிப்ரான்: வந்தார்.

கலாராணி: போன் எங்க?

மிப்ரான்: அது வித்துப் போயிட்டு. வெலிமடப் பக்கத்து ஆள் ஒருத்தர் வாங்கினார், ஆருன்னு தெரியா. ஆள் ஈந்தாலும் பிரயோசனமில்ல. பழைய போன் எடுத்தா நாங்க மொதல்ல உள்ள ஈக்கிற எல்லாத்தயும் சுத்தமா அழிச்சிருவம். அது கட வழக்கம்.

கலாராணி: கேக்காமலா அழிச்சீங்க?

மிப்ரான்: கேட்டன் அக்கா. நெறய வீடியோ ஈக்கே சேர், கொப்பி எடுத்துத் தரவான்னு கேட்டன். ஒண்ணத் தொறந்து பாத்தார். அடுப்புல சட்டி, ரெண்டு கரண்டி. கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒரு மாதிரி சிரிச்சார். வேணாம் தம்பி, எல்லாம் எங்கட ஸ்கூல்ல பத்திரமா ஈக்கு, இத அழிங்கன்னார். அவர் முன்னுக்குத்தான் அமுக்கினன்.

கலாராணி: அது… என்னைக்கு தம்பி?

மிப்ரான்: பிளேனுக்கு மொத நாள். சனிக்கிழம காலைல, கட தொறக்கிற நேரம்.

கலாராணி: சனிக்கெழமையா… அப்ப அவரு பத்திரமா இருக்குன்னு சொன்ன நேரம் அங்க ஒண்ணுமே இல்ல தம்பி. வெள்ளிக்கெழம புள்ளைக போனதுக்கப்பறம், சட்டியக் கழுவி வச்சிட்டு வந்து, நாந்தான்… ஒவ்வொண்ணா… அது கேட்டப்பல்லாம் ஆமா, ஆமான்னு…