நல்ல சத்தம் என்றேன்

“எப்பிடிச் சத்தம் கேக்குது?” என்று சிவமணி என்னைக் கேட்டாள்.

ஹொக்கி மட்டை வாங்க வருகிறவர்கள் பொதுவாக இப்படிக் கேட்பதில்லை. நிறத்தைப் பார்ப்பார்கள், ஒட்டியிருக்கும் பெயரைப் பார்ப்பார்கள், காற்றில் இரண்டு தரம் வீசிப் பார்ப்பார்கள். வீசிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. தண்டைத்தான் பார்க்க வேண்டும். மட்டையின் வளைந்த தலை மல்பெரி மரம், தண்டு பிரம்பு. பிரம்பின் அடியை ஆப்பு மாதிரிச் சீவி மரத்துக்குள் இறக்கிப் பசை வைத்திருப்பார்கள். அந்தப் பொருத்தின் மேல் நூல் சுற்றி, அதன் மேல் பிடித்துணி சுற்றிவிடுவதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, பொருத்து இருக்கும் இடத்தில் மடக்கிய விரலின் மொட்டியால் தட்ட வேண்டும். நல்ல தண்டின் சத்தம் மேலே ஏறிக் கொஞ்சம் நின்று அடங்கும். பசை விட்ட தண்டு, பலகையைத் தட்டியது போல, தட்டிய இடத்திலேயே முடிந்துவிடும்.

இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகக் கேட்கும். வெள்ளவத்தையில், காலி வீதியில், றேமண்ட் மாமாவின் விளையாட்டுச் சாமான் கடையில் நான் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம் போனேன். வாசிக்கச் சொல்லி எழுப்பினால் எனக்குச் சத்தம் வராது. எட்டாம் வகுப்போடு நின்றேன். எழுத மட்டும் வரும். கடைக் கொப்பிகளில் மிச்சம் வரும் பக்கங்களைத் தைத்து நானே கொப்பி கட்டி எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

கடையின் பின் அறையில் இருந்தவர் அழகர். பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து இருபது வருடம். ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவதும் மட்டை ஒட்டுவதும் அவர் வேலை. புதுப் பெட்டி வந்தால் ஒவ்வொரு மட்டையாகத் தட்டிப் பார்த்து, கூடாததன் தலையில் சோக்கால் குறுக்குக் கோடு போட்டு ஒதுக்கி வைப்பார். பிறகு சரிபார்க்க என்னைக் கூப்பிடுவார்.

“பாப்பாவுக்கு வாயில பூட்டு, காதுல ரேடியோ,” என்பார். நான் அவருக்கு எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிவமணி தொண்ணூற்றாறில் கப்பலில், திருகோணமலை வழியாக, கொழும்புக்கு வந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து சனம் எல்லாம் வெளிக்கிட்ட நாட்களில் அவளுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. காதுச் சவ்வு இரண்டும் கிழிந்துவிட்டன. தாய் வன்னியில், அண்ணன் கனடாவில். எங்கள் கடைக்கு நான்கு கதவு தள்ளி ஒரு லொட்ஜில் இருந்தபடி பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நன்றாக ஓடுவாள். ஒரு வருடத்துக்குள் ஹொக்கி அணியில் எடுத்துவிட்டார்கள்.

அவள் பயிற்சிக்குப் போகும் வழியில் செக்பொயின்ற் இருந்தது. யாழ்ப்பாண அடையாள அட்டையும் கையில் நீளமாக ஒரு சாமானும் என்றால் விடுவார்களா? “மேக்க மொகக்த?” என்று, இது என்ன என்று, சிங்களத்தில் கேட்டு, தண்டின் பிடித்துணியை அடிவரை உரித்துப் பார்ப்பார்கள். உரித்ததைத் திரும்பச் சுற்றித் தரமாட்டார்கள். அதனால் கிழமைக்கு ஒரு தரம் அவள் எங்கள் கடைக்கு வர வேண்டியிருந்தது. துணி சுற்றுவது என் வேலை.

“இந்தக் கிழமையும் உரிச்சுப் போட்டாங்கள்,” என்றாள் ஒருநாள். “உள்ளுக்கு என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு கேக்கிறான். என்ரை எதிர்காலம் எண்டு சொல்லட்டோ?”

“சொன்னா அதையும் உரிச்சுப் பார்ப்பாங்க,” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சொன்னதற்கு ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் காது மந்தம், அதனால் பேசுகிறவரின் வாயைப் பார்ப்பாள். என் வாயை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் மெல்லப் பேசுவது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. அவளுக்கு எல்லோரும் மெல்லத்தான் பேசினார்கள்.

ஏப்ரலில் ஒருநாள் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் என் காதுக்குக் கிட்ட வந்து ஒரு இரகசியம் சொன்னாள். அணி மலேசியாவுக்குப் போகிறது. கடைசித் தெரிவு ஆட்டம் மே மாதம். தெரிவானால் அவள் போவாள், ஆனால் திரும்பி வரமாட்டாள். அங்கே அண்ணனுடைய ஆள் ஒருவர் வந்து பொறுப்பெடுப்பார்.

“உமக்கு மட்டும்தான் சொல்லுறன், நேசம். அம்மாவுக்கும் தெரியாது. இதை விட்டா எனக்கு வேற வழி இல்லை.”

நான் தலையாட்டினேன். துணியை முடிவரை சுற்றி ஒட்டினேன். நன்றாகத்தான் சுற்றியிருந்தேன்.

ஆட்டத்துக்கு ஐந்து நாளுக்கு முன் செக்பொயின்ற்றில் புதிதாக வந்த ஒருவன், தண்டுக்குள் கோறையாகத் துளை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, ஸ்க்ரூட்றைவரைப் பொருத்துக்குள் அடித்து இறக்கிவிட்டான். அவள் மட்டை அதோடு முடிந்தது. கையில் அதைப் பிடித்துக்கொண்டு அழாமல் வந்து நின்றாள்.

“மகள், அந்தப் பிள்ளைக்கு நல்லதா ஒண்டு பார்த்துக் குடுங்க,” என்றார் மாமா. “நம்ம கடைப் பேரும் மலேசியாவுக்குப் போகட்டும்.”

அதற்கு முந்தின நாள்தான் பன்னிரண்டு மட்டை கொண்ட பெட்டி உடைத்திருந்தோம். அழகர் பத்தை அடுக்கிவிட்டு, இரண்டைக் குறுக்குக் கோடு போட்டுப் பின் அறையில் சாத்தி வைத்திருந்தார். “இது ரெண்டும் வெறகுக்குத்தான் பாப்பா,” என்று சொன்னார். நானும் தட்டிப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் மந்தம். மற்றதில் பொருத்து முழுக்கவே விட்டிருந்தது.

பிழையான தண்டைத் தேர்ந்தெடுப்பதற்கும் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் அளவு அறிவு வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. முதலில் பாரமான ஒன்றைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு அவுன்ஸ் கூடினால் மணிக்கட்டு களைக்கும், பந்துக்குப் பிந்துவாள், தெரிவாகமாட்டாள். ஆனால் எடுத்த உடனே அவள் கைக்குப் பாரம் தெரிந்துவிடும். நீளம் கூடினதைக் கொடுத்தால் இடுப்பில் வைத்துப் பார்ப்பாள். வளைந்ததைக் கொடுத்தால் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். அவளால் தானாகப் பார்க்க முடியாதது ஒன்றுதான்.

ஈரத் துணியால் சோக்கை அழித்தேன். அவளுக்குப் பிடித்த நீல நிறத்தில் புதுத் துணி சுற்றினேன். முப்பத்தாறரை அங்குலம், பத்தொன்பது அவுன்ஸ், அவளுக்கென்றே செய்தது போல இருந்தது. அவள் இடுப்பில் வைத்துப் பார்த்தாள், கண்ணை மூடிப் பார்த்தாள், மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தாள். பிறகு தொங்கவிட்டுத் தட்டிவிட்டு என் வாயைப் பார்த்தாள்.

“எப்பிடிச் சத்தம் கேக்குது?”

“நல்ல சத்தம்,” என்றேன்.

“உம்மடை காதை நம்பித்தான் நான் கொண்டுபோறன்,” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நானும் மைதானத்துக்குப் போனேன். கூட்டமான இடங்களுக்கு நான் போவதில்லை. அவளுக்காகப் போனேன். வேலிக் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் கால் மணி நேரம் அவள் விளையாடியதைப் பார்த்தால் யாரும் தெரிவு செய்வார்கள். பிறகு ஒரு அடியில் சத்தம் மாறியது. அடுத்த அடியில் இன்னும் மாறியது. அவ்வளவு பேருக்குள் அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். எழும்பி ஏதாவது கத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கத்த வராது என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த அடியை அவள் முழுப் பலத்தோடு அடித்தாள். தலை கழன்று பறந்தது. பிரம்பு நீளத்துக்குக் கிழிந்து, அவளுடைய வலது உள்ளங்கையால் புகுந்து மணிக்கட்டில் வெளியே வந்தது. சிவமணி கத்தவில்லை. மற்றப் பிள்ளைகள்தான் கத்தினார்கள். மட்டை உடையும் என்று எனக்குத் தெரியும். எங்கே குத்தும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அந்த அளவுக்குத்தான் என் பொறுப்பு என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு நரம்பு அறுந்திருந்தன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் மடங்க வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அணி அடுத்த மாதம் மலேசியா போனது.

பயிற்சி ரீச்சர் கடைக்கு வந்து மாமாவிடம் சத்தம் போட்டார். மாமா அழகரைக் கூப்பிட்டார்.

“நான் குறுக்குக் கோடு போட்டு ஒதுக்கி வச்சேங்க மொதலாளி. சத்தியமா வச்சேன். பாப்பாகிட்ட கேளுங்க, பாப்பாவும் பார்த்துச்சு.”

மாமா என்னைப் பார்த்தார். “மகள், கோடு போட்டிருந்திச்சா?”

நான் இல்லை என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்குச் சத்தம் தேவையில்லை. அழகர் என்னை நிறைய நேரம் பார்த்தார். கோபமாக இல்லை. நான் யோசித்துவிட்டு மாற்றிச் சொல்வேன் என்று காத்திருப்பது போலப் பார்த்தார். மாமா அவரை அன்றைக்கே போகச் சொன்னார்.

வீட்டில் இருக்கும் ஆட்களின் விபரத்தைப் பொலிஸில் பதியும் படிவத்தை எங்கள் வீட்டில் நிரப்புவது நான்தான், என் எழுத்து வடிவாக இருக்கும். அன்று மாலை அழகரின் பெயரை அடிமட்டம் வைத்து வெட்டினேன். அவர் கிருலப்பனையில் தெரிந்த ஒருவரின் அறைக்குப் போனார். நாலாம் நாள் அங்கே சுற்றிவளைப்பு. அவரிடம் அடையாள அட்டை இருந்ததேயில்லை. இருபது வருடமும் எங்கள் படிவம்தான் அவருக்கு அட்டை. அவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது.

சிவமணியை லொட்ஜ்காரர் வைத்திருக்க விரும்பவில்லை. கொழும்பில் இருப்பதற்கான காரணம் என்று அவள் படிவத்தில் “விளையாட்டு” என்று எழுதியிருந்தது. அது இப்போது பொய்யாகிவிட்டது. நான் மாமாவிடம் கேட்டேன், மாமா ஓம் என்றார். அழகர் இருந்த வரிக்குக் கீழே அவள் பெயரை எழுதினேன். உறவு: சினேகிதி. காரணம்: சிகிச்சை. அந்த வரியை மற்ற வரிகளை விட வடிவாக எழுதினேன்.

ஏழு கிழமை அவள் கடைக்கு மேலே, என் அறையில் இருந்தாள். நான் தலை வாரிவிட்டேன், சோறு குழைத்துத் தீத்தினேன். அடையாள அட்டை தொலையாமல் இருக்க என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். அண்ணனுக்குக் கடிதம் நான்தான் எழுதினேன். “அண்ணா, எப்பிடியாவது என்னைக் கூப்பிடுங்கோ” என்று அவள் சொல்வாள். “அண்ணா, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அவசரப்பட வேண்டாம்” என்று நான் எழுதுவேன். அது பொய் இல்லை. அவளுக்கு என்ன குறை வைத்தேன்?

கையைக் காட்டப் போன இடத்தில் ஒரு டொக்டர் அவள் காதையும் பார்த்தார். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அவள் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

“சவ்வுதான் இல்லையாம், நேசம். உள்ளுக்கு எல்லாம் சரியாம். எலும்பாலை கேக்குது!”

நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் மாமா புறக்கோட்டைக்குப் போயிருந்தார். நான் பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சிவமணி விளக்குமாறு எடுக்கப் பின் அறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். அழகர் ஒதுக்கிய இரண்டாவது மட்டை அவள் கையில் இருந்தது. அந்த ஒன்றை நான் மறந்தே போனேன். அதன் தலையில் சோக்குக் கோடு அப்படியே இருந்தது.

அவள் தண்டின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடது கை விரல் மொட்டியால் பொருத்தில் தட்டினாள். பிறகு அதை வைத்துவிட்டுக் கடைக்குள் வந்து, தட்டிலிருந்து நல்ல மட்டை ஒன்றை எடுத்து அதையும் கடித்துத் தட்டினாள். திரும்பவும் கோடு போட்டதைத் தட்டினாள். எவ்வளவு நேரம் அப்படிச் செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. காலி வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் கோடு போட்டதை என் முன்னால் தொங்கவிட்டாள். மடங்காத விரல்களால் அதைப் பிடிக்கக் கஷ்டப்பட்டாள். ஒரு தரம் தட்டிவிட்டு, மட்டை வாங்கிய நாள் போலவே, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தத் தண்டைத் தெரிந்தே எடுத்தேன், கோட்டை நான்தான் அழித்தேன், அழகர் பொய் சொல்லவில்லை என்று. இங்கே எழுதிவிட்டேன், ஆகவே சொல்ல முடியாத விஷயம் இல்லை. ஆனால் அவள் அவ்வளவு கிட்ட நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று இருந்தது.

“நல்ல சத்தம்,” என்றேன்.

அவள் மட்டைகள் இரண்டையும் மேசையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். செருப்பைப் போட்டாள். லாச்சியைப் பூட்டிய திறப்பைக் கேட்கவில்லை. அட்டை இல்லாமல், பை இல்லாமல், படியிறங்கிச் செக்பொயின்ற் இருக்கும் பக்கமாக நடந்தாள். கோபம் என்றால் ஏதாவது சொல்லியிருப்பாள்.