கை படாத கணக்கு

நான் யாரையும் காக்க வைக்கிற ஆள் இல்லை, மேடம். நீங்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே காவல் நிலையத்துக்கு வந்து கீழே உட்கார்ந்திருந்தேன். தமிழிலேயே பேசலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வசதி. ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் முதலீட்டாளரிடம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அந்த மொழியில் எனக்கு உண்மைக்கு முன்னால் விளக்கம் வந்து நிற்கும். பழக்க தோஷம்.

பெயர் டெரன்ஸ். மென்பொருள் எழுதுகிறவன். இதற்கு முன்பு இரண்டு நிறுவனங்கள் தொடங்கி இரண்டையும் மூடியிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் தொழிலில் விழாதவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். மூன்றாவதுதான் ‘நலமா’. நானும் ஷமீமாவும் சேர்ந்து ஆரம்பித்தோம். பாலிடெக்னிக் காலத்திலிருந்து கூடவே இருப்பவள். ஜாலான் புசாரில் ஒரு வன்பொருள் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே நாள் முழுவதும் இரும்புக் குழாய் அறுப்பார்கள். மேலே நாங்கள் கணினியைத் தட்டுவோம். கொஞ்ச நாளில் இரண்டு சத்தமும் பழகிப்போயிற்று.

‘நலமா’ என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தனியாக வாழும் முதியவர்களுக்குத் தினமும் காலையில் ஓர் அழைப்பு போகும். “நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா ஒண்ணை அழுத்துங்க.” அழுத்தினால் சரி. அழுத்தாவிட்டால் மறுபடியும் கூப்பிடும். அப்போதும் பதில் இல்லையென்றால் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துத் தொண்டூழியருக்கும் உடனே தகவல் போய்விடும். அந்தத் தகவல் அனுப்பும் பகுதியை எழுதியவள் ஷமீமா. தமிழ் அழைப்பில் வருவதும் அவள் குரல்தான்.

முதலில் சேர்ந்தவர்கள் எங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்கள். கேலாங்கில் தனியாக இருக்கும் என் அம்மா அருள்ஜோதி. மார்சிலிங்கில் தனியாக இருந்த ஷமீமாவின் அப்பா அப்துல் அலீம், அவள் அத்தா என்பாள். அவர் ஒரு காலத்தில் தேக்காவில் பெட்டிக்கடை, அதாவது பயணப்பெட்டி விற்கும் கடை, வைத்திருந்தவர். என் இரண்டாவது நிறுவனத்தை மூடிய அன்று என்னை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டவர். “கடைன்னா ரெண்டு மூடித்தான் ஒண்ணு நிக்கும் தம்பி” என்றார். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காலை அழைப்பு வந்தால் அவர் உடனே ஒன்றை அழுத்த மாட்டாராம். “நல்லா இருக்கேன்மா, நீ சாப்பிட்டியா?” என்று பதிவு செய்த குரலிடம் கேட்டுவிட்டுத்தான் அழுத்துவார். ஷமீமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதற்கு முன்பெல்லாம் அவள் நாளைக்கு மூன்று தடவை அவரைக் கூப்பிடுவாள். ‘நலமா’ வந்த பிறகு அதை விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கு நாங்கள் விற்றதே அந்த நிம்மதியைத்தான்.

இப்போது பாலகிருஷ்ணன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதியோர் நலத்துக்குப் பணம் ஒதுக்கும் ஒரு தனியார் நிதியத்தில் அவர்தான் முடிவெடுப்பவர். நல்ல மனிதர், கூர்மையானவர். நாங்கள் படம் போட்டுக் காட்டியதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “நீங்கதான் இவங்களக் காப்பாத்துறீங்கன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்க இல்லாட்டியும் அவங்க நல்லா இருந்திருக்கலாம்லா.” ஷமீமாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. அது சரியான கேள்வி. அதற்குப் பதில் இல்லாததால்தான் முதல் இரண்டு நிறுவனமும் போயின.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொத்தான் பச்சையில் இருக்க வேண்டுமா நீலத்தில் இருக்க வேண்டுமா என்று தெரியாவிட்டால் பாதிப் பேருக்குப் பச்சையையும் பாதிப் பேருக்கு நீலத்தையும் காட்டுவோம். எது அதிகம் அழுத்தப்படுகிறதோ அது நிற்கும். யாரிடமும் கேட்பதில்லை. நீங்களும் உங்கள் கைப்பேசியில் தினமும் ஏதோ ஒரு பாதியில் இருந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். உங்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்திருக்காது.

அதையே செய்தேன். எல்லாருக்கும் காலையில் அழைப்பு போகும். ஒரு பாதிக்குப் பதில் வராவிட்டால் தகவல் போகும். மறுபாதிக்குப் பதில் வராவிட்டால் இயந்திரம் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். யாருக்கும் சொல்லாது. சில மாதம் கழித்து இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாங்கள் பயனுள்ளவர்களா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நாங்கள் பாதிப் பானையைப் பார்த்தோம்.

ஷமீமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். எங்களிடம் சேராத வேறு பேட்டை முதியவர்களோடு ஒப்பிடுகிறோம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் எழுதிய நிரலில் நான் கை வைக்கவும் இல்லை. சர்வரில் தனியாக ஓர் அமைப்பு, அதன் கடவுச்சொல் என்னிடம் மட்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா என்று நீங்கள் கேட்கலாம். எந்தக் கண்ணுக்கு எது என்று முடிவு செய்தது நானில்லை, இயந்திரம். சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி. இந்த மாதிரிச் சோதனைக்கு உயிரே அதுதான். மனிதக் கை ஒரு தடவை பட்டால் மொத்தமும் குப்பை.

அலீம் அங்கிள் மறுபாதியில் இருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் ஒன்றை அழுத்தவில்லை. மறு அழைப்புக்கும் பதில் இல்லை. என் திரையில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு வந்தது. மறுபாதியில் சிவப்பு வருவது புதிதல்ல. கைப்பேசியைச் சமையலறையில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள், சார்ஜ் போட மாட்டார்கள். பெரும்பாலும் மறுநாள் பச்சையாகிவிடும். அப்படித்தான் நினைத்தேன்.

மதியம் ஷமீமாவோடு பிரியாணி சாப்பிடப் போனேன். பேச்சுவாக்கில் அத்தாவைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் கைப்பேசியை மேசைமேல் மல்லாக்க வைத்துக் காட்டினாள்.

“வெள்ளிக்கிழமை போவேன். ஏதாச்சும்னா மொதல்ல எனக்குத்தானே வரும்? இன்னும் ஒண்ணும் வரலை. நல்லா இருக்காருலா.”

அவள் இறால் சம்பாலை என் தட்டில் பாதி தள்ளிவிட்டாள். நான் சாப்பிட்டேன்.

புதன்கிழமையும் சிவப்பு. எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன். வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எம்ஆர்டி ரயில் பிடித்து மார்சிலிங் போனேன். அவர் இருக்கும் அடுக்குமாடி புளோக் எனக்குத் தெரியும், எத்தனையோ பெருநாளுக்குப் போயிருக்கிறேன். கதவு மூடியிருந்தது. வெளியே செருப்பு ஒழுங்காக இருந்தது. உள்ளே வானொலியில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வானொலி கேட்கிற மனிதர் நன்றாகத்தான் இருப்பார் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அழைப்பு மணியை அடிக்கக் கையைத் தூக்கினேன். பொய் சொல்ல மாட்டேன், தூக்கினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் அடித்தால் அவர் மறுபாதியிலிருந்து இந்தப் பாதிக்கு வந்துவிடுகிறார். ஏன் இவருக்கு மட்டும்? எனக்குத் தெரிந்தவர் என்பதாலா? அப்படியென்றால் மறுபாதியில் இருக்கிற மற்றவர்களுக்கு நான் செய்வது என்ன நியாயம்? தெரிந்தவருக்கு ஒரு கணக்கு, தெரியாதவருக்கு ஒரு கணக்கு என்றால் அதற்குப் பெயர் அறிவியல் இல்லை.

உள்ளே ஏதோ தட்டுகிற சத்தமும் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. அடுக்குமாடியில் யாராவது எதையாவது தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். பாட்டு முடியும் வரை நின்றுவிட்டு மின்தூக்கியில் இறங்கினேன்.

குளியலறையில் தண்ணீர் அள்ளும் டப்பா அவர் கைப்பக்கத்தில் நசுங்கிக் கிடந்தது என்று சற்று முன் சொன்னீர்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, வியாழன் விடியும் வரை உயிர் இருந்திருக்கும் என்றும் சொன்னீர்கள். அது மருத்துவர்கள் சொல்ல வேண்டியது. நான் மென்பொருள்காரன்.

வியாழன் மாலை அங்கிளின் பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஷமீமாவைக் கைப்பேசியில் கூப்பிட்டார். நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். மார்சிலிங் வரை டாக்சியில் அவளோடு போனேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்று இரவே சர்வரில் இருந்த அந்த அமைப்பை எடுத்துவிட்டேன். சோதனை அதோடு முடிந்தது. அடக்கத்தன்று சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நானும் தோள் கொடுத்தேன். நல்ல கனம்.

முடிவுகளைப் பற்றியும் நீங்கள் கேட்க வேண்டும். அவர் இல்லாமல் பார்த்தால் இரண்டு பாதிக்கும் இருந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவில்தான் இருந்தது. அவரைச் சேர்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. பாலகிருஷ்ணன் சார் பெயர் எதுவும் இல்லாத அந்தத் தாளைப் பார்த்துத் தலையசைத்தார். இனி தீவு முழுவதும் ‘நலமா’ போகும். எத்தனையோ பேர் பிழைப்பார்கள். அலீம் அங்கிளே கடை வைத்திருந்தவர், அவருக்கு இது புரிந்திருக்கும்.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. ஷமீமா அன்றிலிருந்து தன் நிரலைத் தோண்டிக்கொண்டே இருக்கிறாள். ஏன் தனக்குத் தகவல் வரவில்லை என்று வரி வரியாகப் படிக்கிறாள். அத்தாவின் எண்ணைப் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவள் கைப்பேசிக்குத் தகவல் ஒழுங்காக வருகிறது. அது வரும்போதெல்லாம் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியவில்லை. சாப்பிடுவதில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள்.

“நான் எழுதுன கோடிங்தான் டெரன்ஸ் என் அத்தாவைக் கொன்னுருச்சு. தப்பு எங்கேன்னுதான் தெரியலை.”

நான் அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தேன். பிறகு அவளாகவே உங்களிடம் வந்து, தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். அவள் எழுதியதில் பிழை இல்லை, மேடம். நான் பார்த்த நிரல்களிலேயே சுத்தமானது அது. நல்ல வேலைக்குக் கெட்ட பெயர் வருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அவர் விழுந்தது விபத்து. தகவல் போகாமல் தடுத்தது நான். வாசல் வரை போய்த் திரும்பியதும் நான். இதை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது.

அம்மாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அம்மா நன்றாக இருக்கிறார். போன மார்ச்சில் ஒருநாள் அவரும் ஒன்றை அழுத்தவில்லை. தகவல் வந்த உடனே டாக்சி பிடித்து ஓடினேன். கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். நான் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆமாம், தகவல் போகிற பாதியில்தான் இருந்தார். இயந்திரம் போட்டபடியா என்று கேட்டால், இல்லை. இயந்திரம் அம்மாவை மறுபாதியில்தான் போட்டது. சோதனை தொடங்குவதற்கு முந்தின நாள் அதைப் பார்த்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அடிக்கடி தலைசுற்றல் வரும். ஒருவரை இந்தப் பக்கம் கொண்டு வந்தால் இன்னொருவரை அந்தப் பக்கம் அனுப்பித்தானே சமன் செய்ய வேண்டும். அதே வயது, அதே மாதிரி மூன்றறை வீடு, தனியாக இருப்பவர் என்று தேடினேன். அலீம் அங்கிள்தான் அச்சாகப் பொருந்தினார்.

அந்த ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் எதிலும் கை வைக்கவில்லை. நீங்கள் யாரை வைத்து வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், மேடம். கணக்கு சுத்தமாக இருக்கிறது.