சக்கரவள்ளி இலையில் ஒரு புழு

1. பிரிக்பீல்ட்ஸ் அரிசி வரிசை காலையிலிருந்து நகரவில்லை.
2. எனக்கு முன்னால் நின்ற பெண் பையிலிருந்து ஒரு சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தாள்.
3. கீரைக் கூடையோடு பக்கத்தில் நின்றவரிடம், "அண்ணே, இந்தப் புழுவுக்குப் பேரு தெரியுமா?" என்று கேட்டாள்.

"புழுவையெல்லாம் யாரும்மா படம் புடிச்சது?"

"எங்க வீட்டுக்காரருதான். எல்லாப் படத்துக்கும் பின்னால பேரு எழுதியிருக்காரு. இதுக்கு மட்டும் எழுதறதுக்குள்ள ஜப்பான்காரங்க சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டு போயிட்டாங்க. அவரு வர்றதுக்குள்ள நானே எழுதி வைக்கலாம்னு பாக்கறேன்."

அவர் படத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"புழு மங்கல். ஆனா இலை சக்கரவள்ளி இலை. வாலுல கொம்பு வேற. என்ன நிறம்?"

"பச்சை. உன் சேலை மாதிரியே இருக்குன்னு சிரிச்சாரு."

"இந்த விரலு?"

"என்னோடதுதான். அளவு தெரியணும், ஆட்டாதேன்னாரு."

"அப்ப விரல் நீளம். கொம்புப் புழுதாம்மா. வளந்தா சாம்பல் நிறத்துல பெரிய அந்துப்பூச்சி ஆகும், உடம்புல ரோஸ் பட்டை இருக்கும். நான் தினம் நசுக்கிப் போடறேன், உங்காளு உக்காந்து படம் புடிச்சிருக்காரு!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"லெட்டர் ஏதும் வந்துச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

அவர் படத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "பென்சில்ல எழுதும்மா. தப்பா இருந்தா அவரு வந்து திருத்தட்டும்" என்றார்.

அவள் பென்சிலில்தான் எழுதினாள். படத்துக்குப் பெயர் இருக்கிறது. திருத்த வேண்டியவர் இன்னும் சயாமில் இருக்கிறார்.