பற்றவைக்கும் முன் போட வேண்டிய துளை

என் பெயர் வில்பிரட், வயது 41, தகப்பனார் பெயர் ஐசக். கோவிலம்பாக்கத்தில் மனைவி, மகளுடன் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். குரோம்பேட்டையில் லக்ஷ்மிநாராயணன் என்பவருடைய இயந்திர உதிரிபாகப் பட்டறையில் வெல்டராக வேலை செய்கிறேன். அதே பட்டறையில் டிராயிங் போடும் மாளவிகா என்பவர் காயமடைந்தது சம்பந்தமாக, அவருடைய அண்ணன் ஷ்யாம்சுந்தர் என் மீது கொடுத்த புகாரின் பேரில் விசாரணைக்கு ஆஜராகி இதைச் சொல்கிறேன்.

சென்ற வாரம் நான் லீவு கேட்க ஆபீஸ் அறைக்குப் போனபோது முதலாளியும் மாளவிகாவும் ஒரு டிராயிங்கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று மாளவிகா அதன் ஓரத்தில் எழுதியிருந்ததை எடுத்துவிடும்படி முதலாளி சொன்னார்.

"டிராயிங்னா முடிஞ்ச பொருள் எப்படி இருக்கணும்னு காட்டணும்மா. எப்படிச் செய்யறதுன்னு பட்டறைல பாத்துப்பாங்க."

"இது ஒண்ணுக்கு மட்டும் வரிசை முக்கியம் சார்" என்றார் மாளவிகா. பிறகு சரி என்று எடுத்துவிட்டார். எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து வந்ததும் ஓர் உருளையை வெல்டிங் செய்ய என்னிடம் கொடுத்தார்கள். அது இரும்புக் குழாயின் இரண்டு முனைகளையும் வட்டத் தகடு வைத்து மூடிச் செய்வது. டிராயிங்கில் ஒரு தகட்டில் சின்னத் துளை காட்டியிருந்தது. துளைகளைக் கடைசியில் போடுவதே எங்கள் பட்டறை வழக்கம் என்பதால், நான் ஒரு முனையை மூடிவிட்டு மறுமுனையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். குழாய்க்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. அது சூட்டில் ஆவியாகி வெளியேறத்தான் அந்தத் துளை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்போது அந்தப் பக்கம் வந்த மாளவிகா, தகட்டில் துளை இல்லாததைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவர் ஓடிவந்து என் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததில் நான் கீழே விழுந்தேன். "இன்னா மேடம்" என்று கேட்டு முடிப்பதற்குள் தகடு பிய்த்துக்கொண்டு பறந்து, என் முகம் இருந்த இடத்தைத் தாண்டி, நின்றிருந்த அவருடைய வலது தோளில் அடித்தது.

அதன் பிறகு முதலாளி மாளவிகாவைத் தன் காரிலேயே தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பின்சீட்டில் அவர் தோளைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தேன். முதலாளி வழியெல்லாம் "நான்தானே அந்தக் குறிப்பை எடுக்கச் சொன்னேன்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் ஷ்யாம்சுந்தர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அந்தச் சட்டை முழுவதும் அவர் தங்கையின் ரத்தம் இருந்தது. எனக்கு அவர் மேல் வருத்தம் இல்லை.

ஆபரேஷன் முடிந்து, கை பழையபடி வேலை செய்யும் என்று டாக்டர் சொன்னதும் என் மனைவி வராந்தாவிலேயே முழங்காலிட்டு ஜெபம் செய்தாள். நேற்று மாளவிகாவைப் பார்க்கப் போனேன். "உங்களாலதான் மேடம் நான் உசுரோட கீறேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அழாதீங்கண்ணா, விரல் அசையுது பாருங்க. உங்க மேல தப்பில்லன்னு எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

இப்போது அந்த டிராயிங்கில், துளை போட்ட பிறகே மூட வேண்டும் என்று முதலாளியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எழுதியதைப் படித்துக் காட்டட்டுமா என்று ஐயா கேட்டீர்கள். வேண்டாம் ஐயா, எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் உண்மை.

(ஒப்பம்)
ஐ. வில்பிரட்